குறையும் கண்ணி, குறையாத நூல்

கிறிஸ்தவ ஆன்மிக மரபில் தன்னைக் குறைத்துக்கொள்வது தொடக்கம் முதலே ஒரு நற்பண்பாகப் போற்றப்பட்டு வந்திருக்கிறது. நான்காம் நற்செய்தியில் திருமுழுக்கு யோவான், தமக்குப் பின் வந்தவர் வளர வேண்டும் என்றும் தாம் குறைய வேண்டும் என்றும் தம் சீடரிடம் கூறுகிறார். யோவானின் பிறப்பு விழா பகற்பொழுது சுருங்கத் தொடங்கும் ஜூன் 24இலும், இயேசுவின் பிறப்பு விழா பகல் நீளத் தொடங்கும் டிசம்பர் 25இலும் அமைந்திருப்பதை அந்தக் கூற்றோடு பொருத்தி ஆயர் அகுஸ்தீன் மறையுரை ஆற்றினார். ஆயினும் குறைவது நன்று என்று ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது: குறைந்த பகுதி எங்கே போகிறது? துறவி ஒருவர் தம் விருப்பத்தைக் கைவிடும்போது அந்த விருப்பம் அழிந்துபோகிறதா, உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறதா, அல்லது வேறொன்றோடு இணைந்து அதன் பகுதியாகிவிடுகிறதா? இம்மூன்றுக்கும் இடையிலான வேறுபாடு சிறிதன்று. ஒருவருடைய துறவு எத்தகையது என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

இக்கேள்விக்கு மேலைச் சிந்தனை நெடுங்காலம் பயன்படுத்திய உருவகம் சிற்பியின் உளி. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தத்துவஞானி புளோட்டினஸ், அழகைப் பற்றிய தம் கட்டுரையில், சிலை வடிப்பவர் மிகையானதை வெட்டி எறிந்து முகத்தின் எழிலை வெளிக்கொணர்வதுபோல ஆன்மாவும் தன்னிடமுள்ள மிகையை நீக்கித் தன்னைத் தூய்மை செய்ய வேண்டும் என்று எழுதினார். தியோனீசியஸ் என்னும் புனைபெயரில் எழுதிய பிற்காலக் கிறிஸ்தவ ஆசிரியர் இதே உருவகத்தைக் கடவுளைப் பற்றிய அறிவுக்கு விரித்தார். கடவுள் இன்னது என்று கூறுவதைவிட இன்னதன்று என்று ஒவ்வொன்றாக விலக்கிச் செல்வதே மேலானது என்னும் இந்த நெறி எதிர்மறை வழி எனப்படும். உளியின் உருவகம் வலிமையானது. ஆனால் அதில் ஒரு கசப்பு மறைந்திருக்கிறது. சிலை தோன்றும் இடத்தில் கற்சில்லுகளும் குவிகின்றன. அவை சிலைக்கு உரியனவாக இனி ஒருபோதும் ஆகமாட்டா. தன்னை இப்படிச் செதுக்கிக்கொள்பவர் தம் பழைய ஆசைகளையும் உறவுகளையும் நினைவுகளையும் குப்பையாகக் காணப் பழகிவிடுகிறார். குப்பையாக ஒதுக்கப்பட்டவை மனத்திற்குள் கிடந்து அழுகுவதைத் துறவு இலக்கியம் முழுவதும் காணலாம்.

குறைத்தலால் வடிவம் பெறும் வேறொரு கலையும் உண்டு. அதைத் தத்துவம் பேசியவர்கள் பெரும்பாலும் கவனித்ததில்லை. அது இரண்டு ஊசிகளைக் கொண்டு கம்பளி நூலைப் பின்னும் கலை. ஊசியின்மேல் வரிசையாக நிற்கும் நூல் வளையம் ஒவ்வொன்றும் கண்ணி எனப்படும். கீழ்வரிசைக் கண்ணியின் ஊடே புதிய நூலை இழுத்து மேல்வரிசைக் கண்ணியை உருவாக்குவதே பின்னலின் முழு இரகசியம். எனவே எந்தக் கண்ணியும் தனித்து நிற்பதில்லை. தனக்குக் கீழுள்ளதை அது பிடித்திருக்கிறது, தனக்கு மேலுள்ளதால் பிடிக்கப்பட்டிருக்கிறது. இவ்வாறு ஒன்றன்மேல் ஒன்றாக எழும் கண்ணிகளின் நிரலை நெடுவரிசை என்று கொள்ளலாம். ஊசியிலிருந்து ஒரு கண்ணி நழுவிவிட்டால் அந்த நெடுவரிசை முழுவதும் படிப்படியாகக் கீழ்நோக்கி அவிழ்ந்துகொண்டே போகும். இதனால்தான் பின்னுபவர் அகலத்தைக் குறைக்க விரும்பும்போது ஒரு கண்ணியைச் சும்மா விட்டுவிட முடிவதில்லை. கைத்துளைக்கும் கழுத்துக்கும் சட்டைக்கையின் மணிக்கட்டுக்கும் துணி குறுக வேண்டும். குறுகும் இடத்தில் எதுவும் நழுவவும் கூடாது, வெட்டுப்படவும் கூடாது.

இதற்குக் கண்டறியப்பட்ட வழி, இரண்டு கண்ணிகளை ஒன்றாகச் சேர்த்துப் பின்னுவது. வலக்கை ஊசி முதலில் இரண்டாம் கண்ணிக்குள்ளும் பிறகு முதற்கண்ணிக்குள்ளும் நுழைந்து இரண்டின் ஊடாகவும் ஒரே நூலை இழுத்து வருகிறது. அவ்வாறு பின்னும்போது இடப்பக்கக் கண்ணி மேலே படிந்து வலப்பக்கக் கண்ணியை மூடிக்கொள்ள, குறைப்பு வலப்புறமாகச் சாய்கிறது. மறுபுறம் சாயவேண்டுமானால் இரண்டு கண்ணிகளையும் பின்னாமலே ஒவ்வொன்றாக வல ஊசிக்கு நகர்த்தி, அந்த நகர்வில் அவற்றைத் திருப்பி, இட ஊசியை முன்புறமாக நுழைத்து இரண்டையும் சேர்த்துப் பின்ன வேண்டும். இப்போது வலப்பக்கக் கண்ணி மேலே வர, குறைப்பு இடப்புறம் சாய்கிறது. எஸ்.எஸ்.கே. என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்த இரண்டாம் முறை பின்னுவோரிடையே பரவியதில், 1968இல் தொடங்கிப் பின்னல் வடிவங்களைத் தொகுத்து வெளியிட்ட அமெரிக்க எழுத்தாளர் பார்பரா வாக்கரின் நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதே வாக்கர் பிற்காலத்தில் பெண் தெய்வ மரபுகளைப் பற்றியும் சமயத்தை விமர்சித்தும் பெரிய நூல்களை எழுதினார் என்பது இங்கு நினைக்கத் தகும். கண்ணிகளைத் திருப்பி நகர்த்தும்போது அவை சற்று இழுபட்டு விரிவதால் இடச்சாய்வுக் குறைப்பு வலச்சாய்வைப் போல அவ்வளவு ஒழுங்காக அமைவதில்லை. நகர்த்தும் கண்ணிகளை ஊசியின் நுனியிலேயே வைத்துக்கொண்டு நூலை இறுகப் பிடிப்பதன் மூலமும், இரண்டாம் கண்ணியை மட்டும் திருப்பாமல் நகர்த்துவதன் மூலமும் இதனைச் சீர்செய்வர்.

இச்செயலில் தத்துவ நோக்கில் முதன்மையானது மறைந்த கண்ணியின் நிலை. ஊசியில் எண்ணினால் அது இல்லை. ஆனால் துணியில் அது இருக்கிறது. மேற்கண்ணியின் பின்னால் நின்று, தனக்குக் கீழே உள்ள நெடுவரிசை முழுவதன் சுமையையும் தாங்கிக்கொண்டிருக்கிறது. இரண்டு நெடுவரிசைகள் அந்த இடத்தில் ஒன்றாகின்றன. இரண்டில் எதுவும் முடிந்துபோவதில்லை. நூலோ முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை ஒரே ஓட்டமாகச் செல்கிறது. பின்னியதைப் பிரித்தால் குறைக்கப்பட்ட கண்ணி தன் முழு நீளத்தோடும் மீண்டும் வெளிவரும். உளி விட்டுச்சென்ற கல்லில் இது நிகழ முடியாது.

இந்த வேறுபாடு கிறிஸ்தவ இறையியலின் கடினமான ஒரு விவாதத்தின்மேல் வெளிச்சம் பாய்ச்சுகிறது. பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், கடவுள் வடிவில் விளங்கிய கிறிஸ்து தம்மை வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றதாகப் பவுல் கூறுகிறார். இத்தன்வெறுமையாக்கத்தைக் கிரேக்கச் சொல்லால் கெனோசிஸ் என்று இறையியலார் வழங்குவர். எல்லாம் வல்லவர், எல்லாம் அறிந்தவர் தச்சர் குடும்பத்துக் குழந்தையானபோது அவருடைய வல்லமையும் அறிவும் என்ன ஆயின என்பதே சிக்கல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூத்தரனியர்களுக்குள்ளேயே இது பெரும் பூசலாக வெடித்தது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தார், கிறிஸ்து தம் இறைமாட்சியை இவ்வுலகிலும் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தார், அதைப் பிறர் காணாதவாறு மறைத்தார் என்றனர். கீஸன் பல்கலைக்கழகத்தார், அவர் அந்த மாட்சியைக் கொண்டிருந்தும் அதன் பயன்பாட்டைத் துறந்தார் என்றனர். 1624இல் சாக்ஸனி இறையியலார் அளித்த தீர்ப்பு பெரிதும் கீஸன் பக்கமே சாய்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் எர்லாங்கனின் கோட்ஃப்ரீட் தோமாசியுஸ் இன்னும் ஒரு படி முன்சென்று, அன்பு, தூய்மை போன்ற உள்ளியல்புகளைக் கிறிஸ்து தக்கவைத்துக்கொண்டு, உலகோடு தொடர்புடைய எங்கும் நிறைதல், முற்றறிவு, எல்லாம் வல்ல தன்மை ஆகியவற்றைக் களைந்துவைத்தார் என்று வாதிட்டார்.

மறைத்தல் என்றால் மனித வாழ்க்கை வெறும் நடிப்பாகிவிடும் என்ற அச்சம் ஒருபுறம். களைதல் என்றால் கடவுள் கடவுளாகவே இல்லாமல் போய்விடுவார் என்ற அச்சம் மறுபுறம். பின்னலின் குறைப்பு இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி சிந்திக்கத்தக்கது என்பதையாவது உணர்த்துகிறது: ஒன்று உண்மையாகவே குறைந்திருக்கலாம், கண்ணுக்கு மறைந்திருக்கலாம், அப்போதும் முழு எடையோடு தாங்கிக்கொண்டிருக்கலாம். கண்ணிக்கு விருப்பமில்லை, பவுல் பாடும் வெறுமையாக்கமோ விரும்பி ஏற்றது; இந்த வேறுபாட்டை எந்த உவமையாலும் கடக்க முடியாது. ஆனால் இறைத்தன்மையைப் பண்புகளின் பட்டியலாக எண்ணி எது எடுக்கப்பட்டது, எது விடப்பட்டது என்று கணக்கிட்டவர்கள் அனைவரும் தம்மை அறியாமலே உளியின் உருவகத்துக்குள் நின்றுதான் வாதிட்டார்கள் என்பதைப் பின்னல் காட்டித்தருகிறது.

குறைப்பு எவ்வாறு நிகழ்கிறது என்பதைவிட எங்கே நிகழ்கிறது என்பது துறவு வாழ்வுக்கு இன்னும் நெருங்கிய கேள்வி. பின்னத் தொடங்குபவர் இயல்பாகவே விளிம்பின் கடைசி இரண்டு கண்ணிகளைச் சேர்த்துக் குறைப்பார். அப்படிச் செய்தால் விளிம்பு மேடும் பள்ளமுமாகப் படிக்கட்டுபோல ஆகிவிடும். அதை அடுத்த துண்டோடு சேர்த்துத் தைக்கும்போது ஊசி நுழையத்தக்க ஒழுங்கான நெடுவரிசை அங்கே இருக்காது. தேர்ந்த கைகள் விளிம்பில் ஒன்றிரண்டு கண்ணிகளைத் தொடாமல் விட்டு, அவற்றுக்கு உட்புறத்தில் குறைக்கும். வரிசையின் தொடக்கத்தில் இடச்சாய்வும் முடிவில் வலச்சாய்வும் இட்டால், சாய்வுகள் இரண்டும் விளிம்பின் போக்கோடு ஒத்துச்செல்லும். துணி குறுகிக்கொண்டே போகும். விளிம்பின் நெடுவரிசை மட்டும் அடியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓடும். விளிம்பு என்பது ஒரு துண்டு முடியும் இடம் மட்டுமன்று, அது மற்றொரு துண்டோடு இணைக்கப்படும் இடமும் ஆகும் என்பதே இந்த விதியின் காரணம்.

எகிப்துத் துறவியரிடம் கேட்டவற்றை 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலத்தீனில் எழுதிவைத்த யோவான் காசியன், தம் உரையாடல்களின் இரண்டாம் பகுதியில் ஹீரோன் என்னும் முதிய துறவியைப் பற்றிக் கூறுகிறார். ஐம்பது ஆண்டுகள் பாலைவனத்தில் கடும் நோன்பில் வாழ்ந்த அவர், உயிர்ப்பு விழா நாளில் சகோதரர்கள் கூடி உண்ணும் உணவைக்கூட, சிறிது பருப்பு உண்டாலும் தம் நெறி தளர்ந்துவிடும் என்று எண்ணி ஏற்க மறுத்தார். இறுதியில் தம் தவப்பயனால் தமக்கு எந்தத் தீங்கும் நேராது என்று நம்பி ஆழமான கிணறொன்றில் குதித்து, மூன்றாம் நாள் இறந்தார். நிதான அறிவு, அதாவது எதை எவ்வளவு எப்போது செய்ய வேண்டும் என்று பகுத்துணரும் ஆற்றல் அவரிடம் இல்லாததே இதற்குக் காரணம் என்கிறார் காசியன். ஹீரோனுடைய நோன்பின் அளவைப் பற்றியே பலரும் பேசியிருக்கிறார்கள். ஆனால் அது விழுந்த இடமே அவரை அழித்தது என்று கொள்வதற்கும் இக்கதையில் போதிய சான்று உண்டு. தனியறையில் அவர் எவ்வளவு குறைத்திருந்தாலும் உயிர்ப்பு விழாப் பந்தியில் அமர்ந்திருந்தால், பிறரோடு அவரைச் சேர்த்த விளிம்பு முழுமையாக இருந்திருக்கும். அவர் குறைத்தது அந்த விளிம்பையே. பெனடிக்டின் துறவு விதி தன் 49ஆம் அதிகாரத்தில், தவக்காலத்தில் ஒருவர் கூடுதலாக மேற்கொள்ளும் நோன்பையும் மடத்தலைவரிடம் சொல்லி அவர் இசைவோடு செய்யுமாறு பணிப்பது, தனிமனிதரின் குறைத்தல் சபையின் பிணைப்பை அரித்துவிடக் கூடாது என்ற இதே எச்சரிக்கையாகவும் கொள்ளத்தக்கது.

விளிம்புக்கு உள்ளே இடப்பட்ட குறைப்பு துணியின் முகப்பில் சாய்கோடாகத் தெரியும். இங்கே எழும் கேள்வி வேறு. மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம், நோன்பிருப்போர் வாட்டமான முகத்தைப் பிறருக்குக் காட்ட வேண்டாம், தலைக்கு எண்ணெய் தடவி முகம் கழுவிக்கொள்ளட்டும் என்கிறது. அப்படியானால் குறைப்பின் தடம் தெரிவது பிழையா? பின்னல் தொழிலின் வரலாறு இதற்குத் தரும் விடை சிந்தனைக்குரியது. இங்கிலாந்தின் கால்வர்ட்டன் ஊரோடு தொடர்புடைய வில்லியம் லீ 1589இல் உருவாக்கிய காலுறைத் தறியில், அகலத்தைக் குறைக்க வேண்டியபோது தொழிலாளி விளிம்பின் கண்ணிகளைக் கையாலேயே எடுத்து உட்புற ஊசிகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. 1864இல் லஃப்பரோவின் வில்லியம் காட்டன் காப்புரிமை பெற்ற எந்திரம் இந்த மாற்றத்தைத் தானே செய்தது. அத்தகைய ஆடைகளில் கைத்துளை ஓரம் காணப்படும் சிறு சாய்வுத் தடங்கள், துணி வெட்டித் தைக்கப்படாமல் பின்னும்போதே வடிவம் பெற்றது என்பதற்குச் சான்றாயின. அந்தத் தடங்களுக்கு மதிப்பு ஏற்பட்டதும், வெட்டித் தைத்த மலிவான ஆடைகளிலும் அவற்றைப் போலியாகப் பதிக்கத் தொடங்கினர். நோன்பின் முகவாட்டத்தை நற்செய்தி கண்டித்ததும் இந்த இரண்டாம் வகையைக் கருதித்தான் என்று கொள்ளலாம். குறைப்பு நிகழ்ந்த இடத்தில் தடம் இருப்பது இயல்பு. நிகழாத குறைப்புக்குத் தடம் வரைவதே பொய்.

இத்தகைய பொய்யை எதிர்த்து எழுந்த ஒரு போராட்டம் இங்கிலாந்தின் வரலாற்றில் இடம்பெற்றிருக்கிறது. அதன் உண்மையான காரணம் பலவேளை மறக்கப்படுகிறது. 1811இலும் 1812இலும் நாட்டிங்ஹாம் வட்டாரத்தில் தறிகளை உடைத்த லட்டைட்டுகள் எந்திரம் என்பதற்காகவே எந்திரத்தை வெறுத்தவர்கள் என்று பின்னாளில் பேசப்பட்டது. அவர்கள் அதே வகைத் தறிகளில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்தவர்கள். கூலிக் குறைப்பும், தொழில் பயிலாதவர்களை அமர்த்துவதும் அவர்கள் குறைகளில் அடங்கும். அவற்றோடு, அகலத் தறிகளில் பின்னிய துணியைக் காலுறை வடிவில் வெட்டித் தைத்து விற்ற வழக்கத்தையும் அவர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவ்வாறு வெட்டிய துண்டுகளுக்கு உண்மையான விளிம்பு இல்லாததால் தையல் விட்டதும் கண்ணிகள் அவிழ்ந்தன. நல்ல காலுறைக்கும் அவப்பெயர் வந்தது. திருப்பூரில் வட்டத் தறியில் பின்னிய பனியன் துணியைக் கட்டிங் செய்து ஓவர்லாக் தையலால் ஓரம் கட்டும் இன்றைய முறை வெட்டிய ஓரத்தைப் பெருமளவு காக்கிறது. அன்று அத்தகைய தையல் எந்திரம் இல்லை. வஞ்சகமாகப் பொருள் செய்யும் தறிகளை உடைக்க இரண்டாம் சார்லஸின் சாசனம் தங்களுக்கு உரிமை அளித்திருப்பதாகவே அத்தொழிலாளர்கள் தம் அறிவிப்பில் வாதிட்டனர். தறி உடைப்புக்கு மரண தண்டனை விதிக்கும் சட்ட முன்வரைவை 1812 பிப்ரவரி 27இல் பிரபுக்கள் அவையில் கவிஞர் பைரன் எதிர்த்துப் பேசினார், சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டில் பின்னல் தொழிலாளர் தலைவர் கிரேவனர் ஹென்சன் முன்னின்று, தொழிலின் மோசடிகளைத் தடுக்கக் கோரிய முன்வரைவு மக்களவையில் நிறைவேறிய பின்னும் பிரபுக்கள் அவையில் தோற்றது. தைத்து மூடிய பிறகு எவர் கண்ணிலும் படாத ஒரு விளிம்பின் நேர்மைக்காக மனிதர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்பதை ஒழுக்கவியல் எழுதுவோர் இன்னும் போதிய மதிப்போடு கருதவில்லை.

வெட்டுதலுக்கும் வடிவமைத்தலுக்கும் இடையிலான இவ்வேறுபாடு கிறிஸ்தவ மரபின் மையத்திலேயே ஓர் ஆடையாகக் கிடக்கிறது. சிலுவையின் அடியில் படைவீரர்கள் இயேசுவின் மற்ற உடைகளைப் பங்கிட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை தையலின்றி நெய்யப்பட்டிருந்த அங்கியை மட்டும் கிழிக்காமல் சீட்டுப்போட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. 251ஆம் ஆண்டளவில் கார்த்தேஜின் ஆயர் சிப்ரியான், திருச்சபையின் ஒற்றுமை பற்றிய தம் நூலில் அந்த அங்கியைப் பிளவுபடாத சபையின் அடையாளமாகக் கொண்டார். ஜெர்மனியின் பூக்ஸ்டஹூடே அருகிலிருந்த பெனடிக்ட் சபைக் கன்னியர் மடத்துக்காக 1400ஐ ஒட்டி மாஸ்டர் பெர்ட்ராம் தீட்டியதாகக் கருதப்பட்டு, இன்று ஹாம்பர்க் கலைக்கூடத்தில் உள்ள பீடப்படம் ஒன்றில், மரியா அந்த அங்கியை நான்கு ஊசிகளில் வட்டமாகப் பின்னிக்கொண்டிருக்கிறார். வேலை கழுத்துப்பகுதிக்கு வந்துவிட்டது. அருகில் குழந்தை புத்தகத்தோடு கிடக்க, வானதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் ஆணிகளையும் முள்முடியையும் ஏந்தி வருகிறார்கள். குழந்தை வளர வளர அந்த அங்கியும் தானே வளர்ந்தது என்று இடைக்கால மரபுக்கதை சொன்னது. தையலின்றிக் கீழிருந்து மேலாகப் பின்னும் எந்த மேலாடையும் உடலுக்கு ஏற்ற அகலத்திலிருந்து கழுத்துக்கு ஏற்ற அளவுக்குக் குறைந்தே ஆக வேண்டும்; வெட்டாமல் குறைக்க, கண்ணிகள் ஒன்றையொன்று தாங்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஒற்றுமையைப் பற்றி சிப்ரியான் எழுதியது பிரிந்துபோனவர்களுக்கு எதிரான வாதமாக இருந்தது. ஆனால் அங்கியின் ஒருமையைப் பின்னலாகக் கருதினால், சபையில் ஒருவர் தம் இடத்தைச் சுருக்கிக்கொள்ளும்போது அவரைப் பக்கத்தில் நிற்பவர் ஏற்றுத் தாங்க வேண்டும் என்ற கடமையும் அதில் அடங்கிவிடுகிறது. ஏற்பார் இல்லாத தாழ்மை நழுவவிட்ட கண்ணியாகிவிடும்.

இந்த வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு மறுப்பு உண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. இரண்டு கண்ணிகள் சேரும்போது ஒன்று மேலே நிற்கிறது, மற்றொன்று அடியில் போகிறது. அடியில் போவது எப்போதும் ஒரே தரப்பாக இருந்தால் என்ன? 1960இல் இறையியலாளர் வாலரி சேவிங் எழுதிய கட்டுரை இக்கேள்வியைத் தெளிவாக எழுப்பியது. செருக்கைப் பாவத்தின் வேராகவும் தன்னைத் துறப்பதை அதன் மருந்தாகவும் போதித்த இறையியலார் ஆண்களின் அனுபவத்தையே மனித அனுபவமாக எடுத்துக்கொண்டனர் என்றும், பிறருக்காகவே கரைந்து, தனக்கென ஒரு தன்மையே உருவாகாமல் போவதே பல பெண்களுக்கு நேரும் கேடு என்றும் அவர் வாதிட்டார். பின்னர் இறையியலாளர் டாஃப்னி ஹாம்சன், தன்வெறுமையாக்கம் ஆண்களுக்குத் தேவையான திருத்தமாக இருக்கலாம், பெண்களுக்கு அது நெறியாக முடியாது என்றார். பின்னலும் இதையே உறுதிசெய்கிறது: கண்ணிகள் போதிய எண்ணிக்கையில் ஏற்றப்படாத துண்டில் குறைத்துக்கொண்டே போனால் சட்டையின் தோள் உருவாவதற்கு முன்பே ஊசி காலியாகிவிடும். ஏற்கெனவே குறைவாகக் கொண்டவரிடம் இன்னும் குறையச் சொல்வது வடிவமைப்பு ஆகாது.

1996இல் வெளிவந்த, ஹாம்சனுக்கான தம் மறுமொழியில் இறையியலாளர் சேரா கோக்லி, பெண்கள் தன்வெறுமையாக்கத்தை முற்றிலும் கைவிட வேண்டியதில்லை என்றார். கடவுள்முன் மௌனமாக, தற்காப்பின்றிக் காத்திருக்கும் தியானத்தில் நிகழும் வெறுமையாக்கம் வேறு, மனித அதிகாரத்தின்முன் பணிந்துபோவது வேறு என்பதும், முதலாவதில் ஒருவர் நசுங்கிப்போவதில்லை, வலுப்பெறுகிறார் என்பதும் அவர் வாதம். இவ்வேறுபாடு ஏற்கத்தக்கது. ஆனால் தியான அறையில் நிகழ்வது எது, அடக்குமுறைக்குப் பழகிய மனம் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதல் எது என்பதை வெளியிலிருந்து பிரித்தறிவது கடினம். அதைச் சோதிக்கத்தக்க இடம் விளிம்புதான் என்று தோன்றுகிறது: தன்னைக் குறைத்துக்கொண்ட பிறகும் அவர் பிறரோடு தம் சொந்தப் பெயரில் இணையவும், வேண்டாதபோது மறுக்கவும் முடிகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். முடிந்தால் அங்கே நிகழ்ந்தது கோக்லி கூறும் வெறுமையாக்கம். முடியாவிட்டால், எவ்வளவு புனிதமான மொழியில் விளக்கப்பட்டாலும், சேவிங் சுட்டிய கேடே அங்கு நிகழ்ந்திருக்கிறது.